எலுமிச்சை ஒயினுக்கு எந்த ஈஸ்ட், அதை எப்படித் தயார் செய்வது?

கேள்வி இது: எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, தண்ணீர் கலந்து 5 லிட்டர் ஒயின் போட்டிருக்கிறீர்கள். பாக்கெட் ஈஸ்ட்டைப் பிரித்து மேலே தூவி, மூடி வைத்தீர்கள். மூன்று நாளாகியும் ஒரு குமிழி கூட வரவில்லை. எந்த ஈஸ்ட் வாங்குவது, போடுவதற்கு முன் அதை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். லால்வின் பிராண்டு ஒயின் ஈஸ்ட்களில் இசி-1118, கே1-வி1116 இரண்டில் எது கிடைத்தாலும் வாங்குங்கள். 5 கிராம் பாக்கெட் ஒன்று 5 லிட்டருக்குத் தாராளம். ஆனால் அதையும் இப்போது செய்தது போல உலர்ந்தபடியே எலுமிச்சைக் கலவையின் மேல் தூவினால் அதுவும் படுத்துவிடக்கூடும். திராட்சை ஒயினில் ஈஸ்ட்டை எப்படிப் போட்டாலும் பெரும்பாலும் வேலை செய்துவிடும். எலுமிச்சை அப்படி விட்டுக்கொடுக்காது. ஈஸ்ட்டை நன்றாக எழுப்பி, சாப்பாடு கொடுத்து, புளிப்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிய பிறகுதான் உள்ளே விட வேண்டும்.

பிஎச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலம் கடுமை. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2.2 முதல் 2.6 வரை இருக்கும். ஒயின் ஈஸ்ட் வசதியாக வேலை செய்வது 3.2 முதல் 3.8 வரை. 3-க்குக் கீழே போகப்போக அது திணறும். பிஎச் குறைவாக இருக்கும்போது அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் செல்லுக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். ஈஸ்ட் அவற்றை ஓயாமல் வெளியே தள்ளியாக வேண்டும். சர்க்கரையிலிருந்து எடுக்கும் ஆற்றலில் பெரும்பங்கு இதற்கே போய்விட்டால் வளரவும் பெருகவும் மிச்சம் இருக்காது.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. தண்ணீர் சேர்த்தால் நாக்குக்குப் புளிப்பு குறையும், ஆனால் பிஎச் அந்த அளவுக்கு ஏறாது. பிஎச் என்பது மடக்கை அளவு, அதாவது ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு குறைந்தால்தான் அது ஒரு எண் ஏறும். அதோடு சிட்ரிக் அமிலம் ஒரு பலவீனமான அமிலம். நீர்க்க நீர்க்க அது இன்னும் கூடுதலாகப் பிரிந்து ஹைட்ரஜன் அயனிகளை விடும். 2.3 பிஎச் உள்ள சாற்றை எட்டு மடங்கு நீர்த்தாலும் சுமார் 2.5-க்குத்தான் வரும். குடித்துப் பார்த்தால் சாதாரண எலுமிச்சை ஜூஸ் போலத்தான் இருக்கும், ஈஸ்ட்டுக்கோ அது கடுமையான இடம். உங்கள் ஜாடியில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது குறை, சாப்பாடு. சர்க்கரை மட்டும் ஈஸ்ட்டுக்குப் போதாது. புரதம் கட்ட நைட்ரஜன் வேண்டும், வைட்டமின்களும் தாது உப்புகளும் வேண்டும். திராட்சைச் சாற்றில் இவை ஓரளவுக்கு இயல்பாகவே இருக்கும். எலுமிச்சையில் குறைவு, அதையும் தண்ணீர் விட்டு நீர்த்துவிடுகிறோம். அமிலத்தோடு போராட வேண்டிய இடத்தில் பட்டினியும் சேர்ந்துகொள்கிறது.

சரி, ஈஸ்ட் வகைகளுக்கு வருவோம்.

இசி-1118 பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியில் இருந்து வந்தது. 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும், 18 சதவீத ஆல்கஹால் வரை தாங்கும், நைட்ரஜன் தேவையும் குறைவு. தன் வாசனையை அதிகம் சேர்க்காது என்பதால் எலுமிச்சையின் வாசம் எலுமிச்சையாகவே நிற்கும். முதல் முறை போடுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ரெட் ஸ்டார் நிறுவனத்தின் பிரீமியர் குவே கிடைத்தால் அதுவும் ஏறக்குறைய இதே குணம் கொண்டதுதான்.

கே1-வி1116 பிரான்ஸின் மோன்பெலியே நகரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம். இதுவும் 18 சதவீதம் வரை போகும், வெப்பத்தை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். குளிர்ச்சியான இடத்தில் மெதுவாக நொதித்தால் பழ வாசனையும் பூ வாசனையும் தரும். எலுமிச்சைக்கு இது பொருந்துகிறது என்பது என் எண்ணம். இரண்டும் கிடைக்கிறது என்றால் நான் இதையே எடுப்பேன். இது ‘கில்லர்’ வகை ஈஸ்ட். தன்னிடம் இருந்து ஒரு நச்சுப் புரதத்தை வெளியிட்டு, அதைத் தாங்க முடியாத மற்ற ஈஸ்ட்களைக் கொன்றுவிடும். ஆகவே இதை வேறு ஈஸ்ட்டோடு கலந்து போடுவதில் அர்த்தம் இல்லை.

71பி ஈஸ்ட் அமிலத்தைக் குறைக்கும், அதனால் எலுமிச்சைக்கு நல்லது என்று ஒரு பரிந்துரை அடிக்கடி காதில் விழும். பாதி மட்டும் சரி. அது குறைப்பது மாலிக் அமிலத்தை, அதாவது ஆப்பிளிலும் திராட்சையிலும் இருக்கும் அமிலத்தை. எலுமிச்சையில் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க சிட்ரிக் அமிலம். ஒயின் ஈஸ்ட்கள் அதைத் தின்று தீர்ப்பதில்லை. போட்ட புளிப்பு அப்படியே கோப்பை வரைக்கும் வரும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். டி47 நல்ல ஈஸ்ட்தான், ஆனால் சூட்டில் காரமான ஆல்கஹால் நெடி தரும். 20 டிகிரிக்குள் வைத்திருக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பிரெட் ஈஸ்ட்டும் அதே சாக்கரோமைசிஸ் செரிவிசியே இனம்தான். சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றவும் செய்யும். ஆனால் மாவை உப்ப வைப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அது. ஆல்கஹால் ஏறும்போது சீக்கிரம் சோர்ந்துவிடும், அடியில் இறுகப் படியாது, கொஞ்சம் கலக்கினாலே எழும்பி ஒயினில் மாவு வாசனை ஏற்றும். வேறு வழியே இல்லை என்றால் 8 சதவீதம் அளவுக்கு லேசான ஒன்று போடலாம். எலுமிச்சைத் தோலில் இருக்கும் இயற்கை ஈஸ்ட்டை நம்பி விடுவதை மட்டும் செய்யாதீர்கள்; இந்தப் புளிப்பில் அது தானாகக் கிளம்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஈஸ்ட்டைத் தொடுவதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாற்றைப் பயன்படுத்தினீர்களா? லேபிளில் சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட், சல்ஃபைட் ஏதாவது எழுதியிருக்கிறதா? இவை நுண்ணுயிர்களை வளரவிடாமல் தடுக்கவே சேர்க்கப்படுகின்றன. பிஎச் குறையக் குறைய இவற்றின் வீரியமும் கூடும். சல்ஃபைட் மட்டும் இருந்தால் கலவையைத் துணியால் மூடி, ஒன்றிரண்டு நாள் அவ்வப்போது நன்றாகக் கலக்கிவிட்டால் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். பென்சோயேட்டும் சார்பேட்டும் அப்படிப் போகாது. அவை இருக்கும் சாற்றை எடுக்காதீர்கள். பழத்தைப் பிழிந்து எடுப்பதே உத்தமம்.

5 லிட்டருக்கு நான் வைக்கும் கணக்கு: சாறு மொத்தம் 600 மில்லி, சர்க்கரை சுமார் 950 கிராம். ஒரு லிட்டரில் 17 கிராம் சர்க்கரை ஏறக்குறைய 1 சதவீத ஆல்கஹால் தரும். இந்த அளவுக்கு 11 சதவீதம் வரும். புளிப்பு லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் அமிலம், நல்ல வெள்ளை ஒயினில் இருப்பது போல. ஆனால் முதல் நாளே 600 மில்லியையும் ஊற்றக் கூடாது. 250 மில்லி மட்டும் சேர்த்து, மொத்தக் கலவையை 4.6 லிட்டரில் நிறுத்துங்கள். ஹைட்ரோமீட்டரில் (கலவையின் அடர்த்தியை அளந்து, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி) 1.080-ஐ ஒட்டிக் காட்டும். மீதிச் சாற்றைச் சுத்தமான பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

இதிலும் பிஎச் சுமார் 2.6-தான் இருக்கும். அதனால் உணவுத் தரப் பொட்டாசியம் பைகார்பனேட் 3 கிராம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்குங்கள். பொங்கும், அவசரப்பட வேண்டாம். 3.1, 3.2 வந்தால் போதும். பிஎச் மீட்டர் இருந்தால் ஒவ்வொரு கிராமுக்கும் ஒருமுறை பாருங்கள், இல்லையென்றால் குறுகிய அளவுள்ள பிஎச் தாள் போதும். கால்சியம் கார்பனேட்டும் உதவும், ஆனால் கால்சியம் சிட்ரேட் மெதுவாகப் படிந்து பின்னாளில் பாட்டிலில் மங்கலாக நிற்கலாம். சமையல் சோடா பிஎச்சை ஏற்றும், கூடவே உப்புச் சுவையும் வரும்.

தோல் விஷயம் ஒன்று. வாசனைக்காக மஞ்சள் தோலைத் துருவிப் போட ஆசை வரும். அந்தத் தோலின் எண்ணெயில் இருக்கும் லிமோனீன் ஈஸ்ட்டைத் தடுக்கும் பொருள். நொதித்தல் முடிந்து வண்டலில் இருந்து ஒயினைப் பிரித்த பிறகு போடுங்கள். வாசனையும் அப்போதுதான் தங்கும், முன்பே போட்டால் வாயுவோடு வெளியேறிவிடும். வெள்ளைத் தோல் துளியும் வேண்டாம், கசக்கும்.

இனி முக்கியமான வேலை, ஈஸ்ட்டை எழுப்புவது.

உலர் ஈஸ்ட் ஒரு கிராமில் ஏறக்குறைய 2,000 கோடி செல்கள் இருக்கும். காய்ந்த நிலையில் அவற்றின் சவ்வு சுருங்கிக் கிடக்கிறது. தண்ணீர் பட்டதும் முதல் சில நிமிடங்களுக்கு எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று பிரித்துப் பார்க்கும் திறன் அந்தச் சவ்வுக்கு இருக்காது. சுற்றி என்ன இருக்கிறதோ அது உள்ளே போகும். அப்போது சுற்றி இருப்பது எலுமிச்சை அமிலமும் கெட்டியான சர்க்கரைக் கரைசலும் என்றால் ஏராளமான செல்கள் அங்கேயே செத்துப்போகும். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தாலும் சவ்வு சரியாக விரியாமல் உள்ளே இருப்பது வெளியே கசியும். ஆகவே முதல் குளியல் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில்.

50 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து 38, 40 டிகிரிக்கு ஆறவிடுங்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், கையால் தொட்டு மதிப்பிட வேண்டாம். காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) தண்ணீர் வேண்டாம்; சாதாரணக் குடிநீரில் இருக்கும் தாது உப்புகள் சவ்வுக்குத் தேவை. கோ-ஃபெர்ம் போன்ற ஊறவைக்கும் சத்து கிடைத்தால் 6 கிராம் அதில் கரையுங்கள், எலுமிச்சைக்கு அது பெரிய துணை. நைட்ரஜன் தரும் உப்பான டைஅமோனியம் பாஸ்பேட்டை இந்தத் தண்ணீரில் போடக் கூடாது, அது இந்த நேரத்தில் ஈஸ்ட்டுக்கு நச்சு. ஈஸ்ட்டை மேலே பரவலாகத் தூவி 15 நிமிடம் அப்படியே விடுங்கள். அப்புறம் மெதுவாகக் கலக்குங்கள். அரை மணிக்கு மேல் சும்மா வைக்காதீர்கள். சேமிப்பில் இருந்ததைச் செலவழித்துவிட்டு ஈஸ்ட் சோர ஆரம்பிக்கும். நுரை வரவில்லையே என்று இந்தக் கட்டத்தில் கவலை வேண்டாம். சர்க்கரை இல்லாத தண்ணீரில் நுரை வராது.

திராட்சை என்றால் இதோடு ஊற்றிவிடலாம். எலுமிச்சைக்கு இன்னொரு படி இருக்கிறது: ஸ்டார்ட்டர். 300 மில்லி தண்ணீரில் 30 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை ஈஸ்ட் சத்து, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. கொதிக்க வைத்து ஆற்றி, 30 டிகிரியில் இருக்கும்போது ஊறிய ஈஸ்ட்டை இதில் சேருங்கள். வாய் அகன்ற, சுத்தமான பாத்திரம், மேலே துணி. அவ்வப்போது சுழற்றிக் காற்று பட விடுங்கள். உறுதியான செல் சவ்வைக் கட்ட இந்தக் கட்டத்தில் ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும். சில மணி நேரத்தில் நுரை கட்டி, காதருகில் வைத்தால் சீறும் சத்தம் கேட்கும்.

அது வந்ததும் பெரிய ஜாடியில் இருந்து 150 மில்லி கலவையை எடுத்து ஸ்டார்ட்டரில் ஊற்றுங்கள். மறுபடி சீறட்டும். இன்னொரு 150 மில்லி. ஒவ்வொரு முறையும் புளிப்பு ஒரு படி ஏறுகிறது, ஈஸ்ட்டும் அதற்கு ஏற்ப மாறுகிறது. புதிதாக ஊற்றிய பிறகு வேகம் குறைந்தால் அடுத்ததை ஊற்றாமல் காத்திருங்கள். பெரும்பாலும் மறுநாளைக்குள் அரை லிட்டருக்கு மேல் நன்றாக நுரைக்கும் ஸ்டார்ட்டர் கையில் இருக்கும். பெரிய ஜாடியில் ஊற்றும்போது இரண்டுக்கும் இடையே வெப்ப வித்தியாசம் 10 டிகிரிக்குள் இருக்கட்டும்.

வேறொரு ஒயின் போட்டு இப்போதுதான் முடிந்திருக்கிறது என்றால் இவ்வளவும் தேவையில்லை. அதன் அடியில் இருக்கும் வண்டலைப் பயன்படுத்தலாம். பழகிய ஈஸ்ட் கோடிக்கணக்கில் அதில் இருக்கிறது, செத்த செல்களும் உணவாகும். வண்டல் சில நாட்களுக்குள் எடுத்ததாக, நல்ல வாசனையோடு, சல்ஃபைட் சேர்க்காததாக இருக்க வேண்டும். அழுகிய முட்டை வாடை, வினிகர் நெடி இருந்தால் தொடாதீர்கள். முந்தைய பழத்தின் நிறமும் சுவையும் கொஞ்சம் வரும். வெளிர் மஞ்சள் நிற ஒயின் வேண்டும் என்றால் கறுப்புத் திராட்சை வண்டல் பொருந்தாது.

இனி சத்து. 5 லிட்டருக்கு டைஅமோனியம் பாஸ்பேட் 3 கிராம், ஃபெர்மெய்ட் கே என்ற கலப்பு ஈஸ்ட் சத்து 4 கிராம். இரண்டும் சேர்ந்து லிட்டருக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் நைட்ரஜன் தரும். இதை மூன்று பங்காக்கி, ஸ்டார்ட்டர் ஊற்றி 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணியில் ஒன்று, சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும், அதாவது ஹைட்ரோமீட்டர் 1.050 பக்கம் வந்ததும், ஒன்று. பொடியாகத் தூவினால் கரைந்திருக்கும் வாயு ஒரேயடியாகப் பொங்கி ஜாடிக்கு வெளியே வரும். தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். ஆல்கஹால் 9 சதவீதத்தைத் தாண்டிய பின் இதைச் சேர்ப்பதில் பயன் இல்லை. அந்த நிலையில் ஈஸ்ட்டால் அதை உள்ளே எடுத்துக்கொள்ள முடியாது, மிச்சம் மற்ற கிருமிகளுக்கு உணவாகும். கடைப் பொருள் எதுவும் கிடைக்காதவர்கள் ஒரு பாக்கெட் பிரெட் ஈஸ்ட்டைக் கொஞ்சம் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றிச் சேர்க்கலாம். முழு அளவு நைட்ரஜன் இதில் வராது, ஆனால் வைட்டமின்களும் அமினோ அமிலங்களும் வரும். இடையில் அழுகிய முட்டை வாடை அடித்தால் பெரும்பாலும் ஈஸ்ட் பட்டினியில் இருக்கிறது என்று பொருள். அடுத்த பங்கை உடனே கொடுத்து நன்றாகக் கலக்குங்கள்.

முதல் இரண்டு நாள் துணி மூடி, தினமும் இரண்டு முறை கலக்கல். அதற்குப் பிறகு காற்று எதிரி, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்திவிடுங்கள். 18 முதல் 24 டிகிரி வரை நல்லது. ஹைட்ரோமீட்டர் 1.045-ஐத் தொட்டதும் ஃபிரிட்ஜில் இருக்கும் 350 மில்லி சாற்றில் பாதியை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து சேருங்கள், ஒரு நாள் கழித்து மீதியை. இப்போது பிஎச் 2.9 பக்கம் இறங்கும், ஆனால் செல்கள் பலமடங்கு பெருகிவிட்டதால் சமாளித்துவிடும். சாற்றையும் சேர்ப்பதால் ஹைட்ரோமீட்டர் எண் கொஞ்சம் குறையும், அதை நொதித்தலின் வேகமாக எண்ணிவிட வேண்டாம்.

இப்போது அசையாமல் நிற்கும் உங்கள் ஜாடியைக் கொட்ட வேண்டியதில்லை. வினிகர் நெடியோ பூசணமோ இல்லை என்றால் காப்பாற்றலாம். பிஎச்சை 3-க்கு மேல் கொண்டுவாருங்கள். மேலே சொன்னபடி புது ஸ்டார்ட்டர் கட்டுங்கள். அதை ஜாடியில் ஊற்றாமல், ஜாடியில் இருப்பதை ஸ்டார்ட்டரில் ஊற்றுங்கள்: அரை லிட்டர் ஸ்டார்ட்டருக்கு அரை லிட்டர் கலவை, அது நுரைத்ததும் ஒரு லிட்டர், அப்புறம் இரண்டு லிட்டர், பிறகு மீதி. ஒவ்வொரு முறையும் பாதியாவது உயிருள்ள ஈஸ்ட் கலவையாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. சத்தைப் பாதி அளவில் தொடங்குங்கள்.

வீட்டில் ஒயின் தயாரிப்பது பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடும், உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏர்லாக் இல்லாமல் கண்ணாடி ஜாடியை இறுக்கி மூடாதீர்கள், வாயு அழுத்தத்தில் வெடிக்கும்.

கடைசியாக இனிப்பு. ஹைட்ரோமீட்டர் 1.000-க்குக் கீழே இறங்கி, சில நாள் இடைவெளியில் இரண்டு முறை ஒரே எண் காட்டினால் நொதித்தல் முடிந்தது. சர்க்கரை இல்லாத எலுமிச்சை ஒயின் கடுமையாகப் புளிக்கும், பெரும்பாலானோர் கொஞ்சமாவது இனிப்பு சேர்க்கவே செய்வார்கள். நீங்கள் வாங்கிய ஈஸ்ட் 18 சதவீதம் வரை தாங்கும், ஒயினில் இருப்பதோ 11. சர்க்கரை போட்டு அப்படியே பாட்டிலில் அடைத்தால் உள்ளே மறுபடி நொதித்து பாட்டில் வெடிக்கும். எனவே ஒயின் தெளிந்து, வண்டலில் இருந்து பிரித்த பிறகு, 5 லிட்டருக்குப் பொட்டாசியம் சார்பேட் 1 கிராம், பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கால் கிராம் சேர்த்துக் கலக்குங்கள். சில நாள் கழித்துச் சர்க்கரைப் பாகைச் சுவை பார்த்துச் சேர்த்து, மேலும் இரண்டு வாரமாவது ஏர்லாக்கோடு விட்டு, எண் மாறவில்லை என்று பார்த்த பின் பாட்டிலில் அடையுங்கள். சார்பேட்டை மட்டும் தனியாகப் போடாதீர்கள். லாக்டிக் பாக்டீரியா இருந்தால் அதை உடைத்து நசுக்கிய ஜெரேனியம் இலை வாடையை உண்டாக்கிவிடும், அந்த வாடையைப் பிறகு எதைக் கொண்டும் நீக்க முடியாது.